பள்ளிக் கால அட்டவணையை எங்கிருந்து தொடங்குவது?

மேலூர் பக்கம் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்கும் நீங்கள், கால அட்டவணையை எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நகர்த்த முடியாதவற்றை முதலில் வையுங்கள். பல பள்ளிகளில் வேதியியல் ஆய்வகம் ஒன்றுதான். பிளஸ் 2 செய்முறைக்கோ அடுத்தடுத்து 2 பீரியட் வேண்டும். உப்பைக் கரைத்து, சோதித்து, நோட்டில் எழுதி, சோதனைக் குழாயைக் கழுவி வைக்க ஒரு பீரியட் எந்தக் காலத்திலும் போதாது. நடுவில் மதிய மணி அடிக்காத இடமாகப் பாருங்கள். அப்புறம் 6 முதல் 12 வரை எல்லா வகுப்புக்கும் போகிற ஆசிரியர்கள். மற்றதெல்லாம் தானாக அமையும்.

கணக்கைத் தினமும் முதல் பீரியடில் வைக்காதீர்கள். கொட்டாம்பட்டியிலிருந்து வரும் பஸ் தாமதமானால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்போதும் கணக்குதான் போகும். 2 நாள் மொழிப்பாடம், 2 நாள் அறிவியல் என்று மாற்றுங்கள்.

யாருக்கும் தொடர்ந்து 4 பீரியட் வேண்டாம், தொண்டை கட்டிவிடும். விளையாட்டு பீரியடை வேறு பாடத்துக்குத் தாரைவார்ப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம், விடாதீர்கள்.

ஜூனில் முதல் 2 வாரம் தற்காலிகமாக ஓட்டிப் பார்த்து, ஆசிரியர்களைக் கேட்டுத் திருத்திய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.