இலையுதிர்காலப் பருவத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவப் பள்ளி: வாசகர் கேள்வி – பதில்

புதிய கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்களில், பிள்ளைகளின் பையில் மடித்து வைக்கப்பட்ட ஒரு செய்தி மடல் வீட்டுக்கு வருகிறது. அறுப்பின் பண்டிகை, பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு, விளக்கு ஊர்வலம், கிறிஸ்து பிறப்பு நாடகம் என்று டிசம்பர் வரையிலான நிகழ்ச்சிகளை வரிசையாக அறிவிக்கும் அந்த மடலைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கேள்விகளில் சில, இம்முறை விடைகளோடு இடம்பெறுகின்றன.

கேள்வி: எங்கள் பள்ளியின் மடலில் அறுப்பின் பண்டிகை செப்டம்பர் இறுதியில் என்று இருக்கிறது. வேறு நாட்டில் வாழும் என் தங்கையின் பிள்ளைகள் இதே போன்ற கிறிஸ்தவப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அங்கே நவம்பர் இறுதியில் நன்றி விழா என்கிறார்கள். ஒரே நோக்கமுள்ள விழாவுக்கு ஏன் இத்தனை நாட்கள்?

பதில்: கிறிஸ்து பிறப்புக்கு இருப்பது போல, எல்லாச் சபைகளுக்கும் பொதுவான ஒரு நாள் இந்த விழாவுக்குக் குறிக்கப்படவில்லை. விளைச்சலைச் சேர்த்து முடித்தபின் கடவுள் முன் கூடும் பண்டிகையைப் பற்றி யாத்திராகமம் 23ஆம் அதிகாரமே பேசுகிறது. ஆனால் காய்கனிகளையும் தானியக் கதிர்களையும் ஆலயத்தில் அடுக்கி வைத்து நன்றிப் பாடல்கள் பாடும் இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவியது. கார்ன்வால் பகுதியிலுள்ள மார்வென்ஸ்டோ என்ற கடலோரச் சிற்றூரின் குருவாக இருந்த ராபர்ட் ஸ்டீஃபன் ஹாக்கர், 1843 அக்டோபர் 1ஆம் தேதி ஞாயிறன்று தம் சபையாரை அழைத்து நடத்திய ஆராதனையை இதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அதனால் பிரிட்டனின் பள்ளிகள் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ இதை வைத்துக்கொள்கின்றன. ஜெர்மனியில் பெரும்பாலும் அக்டோபரின் முதல் ஞாயிறும், கனடாவில் அக்டோபரின் இரண்டாவது திங்களும் நன்றியின் நாட்கள். அமெரிக்காவில் 1863இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை அறிவித்தார். 1941இல் இயற்றப்பட்ட சட்டம் அதை நான்காவது வியாழனாக நிலைப்படுத்தியது. உங்கள் தங்கை வீட்டுப் பிள்ளைகள் கொண்டாடுவது இந்த நாளாகத்தான் இருக்க வேண்டும். அது அரசு விடுமுறை நாளாகவும் இருப்பதால், பள்ளி விழா அதற்கு முந்தைய நாட்களில் நடக்கும். பூமியின் தென்பாதியிலோ இலையுதிர்காலம் மார்ச்சில் தொடங்கி மே வரை நீடிக்கிறது. ஆஸ்திரேலியச் சிறுவன் ஒருவனுக்கு இலை உதிரும் பருவத்தின் பெரிய செய்தி கிறிஸ்து பிறப்பு அல்ல, உயிர்த்தெழுதலே.

இவ்விழாவுக்கு உணவுப் பொருள் கொண்டுவரும்படி பள்ளி கேட்டால், அதைப் பெறப்போகும் அமைப்புக்கு என்ன தேவை என்பதை முதலில் விசாரியுங்கள். வீட்டு அலமாரியில் நெடுநாள் கிடந்து காலாவதியான டப்பாக்கள் காணிக்கை ஆகமாட்டா. அவற்றைப் பிரித்து அகற்றும் வேலைதான் தொண்டர்களுக்கு மிஞ்சும்.

கேள்வி: ஹாலோவீன் நாளைப் பள்ளி கொண்டாடாது என்று மடலில் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக அதே மாலையில் 'ஒளி விருந்து' ஒன்று நடக்குமாம். அந்த நாளின் பெயரே கிறிஸ்தவ மரபிலிருந்து வந்தது என்று என் மகன் வாதிடுகிறான். அவன் சொல்வது சரியா?

பதில்: பெயரைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வது சரி. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள்; அதற்கு முந்தைய மாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே சுருங்கி ஹாலோவீன் ஆயிற்று. எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி ரோமையின் புனித பேதுரு ஆலயத்தில் புனிதர் அனைவருக்குமாக ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் நவம்பர் 1 மேலைத் திருச்சபையில் பரவலாக நிலைபெற்றது. அடுத்த நாளான நவம்பர் 2 இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாள். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூதர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்ட நாள் 1517 அக்டோபர் 31 ஆகையால், லூத்தரன் பள்ளிகளில் அதே தேதி சீர்திருத்தத் திருநாள்.

எனினும், பெயர் எங்கிருந்து வந்தது என்பது வேறு, இன்று அந்த நாளில் என்ன நடக்கிறது என்பது வேறு. பேய் வேடமும் அச்சமூட்டும் அலங்காரமும் தம் போதனைக்குப் பொருந்தா என்று பள்ளி முடிவெடுத்தால், அதை மதிப்பதே முறை. எனக்குள்ள தயக்கம் பதிலாக வைக்கும் விருந்தைப் பற்றியதுதான். அதே இரவில், அதே இனிப்புப் பைகளோடு, வேடத்தை மட்டும் மாற்றி நடத்தினால், தங்களுக்கு மறுக்கப்பட்டது எது என்பதைப் பிள்ளைகள் இன்னும் கூர்மையாக உணர்வார்கள். ஒவ்வொரு வகுப்பும் ஒரு புனிதரின், அல்லது ஒரு மறைபணியாளரின் வாழ்க்கையைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லும் காலைக் கூட்டம் ஒன்று, செலவில்லாமல் அந்தத் திருநாளின் பொருளுக்கு இன்னும் அருகில் நிற்கும்.

கேள்வி: நவம்பர் 11 அன்று மாலை காகித விளக்கு ஊர்வலம் என்கிறது மடல். எதற்காக?

பதில்: அது பிரான்சிலுள்ள தூர் நகரின் ஆயராக இருந்த மார்ட்டினின் திருநாள். அவர் 397ஆம் ஆண்டு நவம்பரில் இறந்து, 11ஆம் தேதி அடக்கம் செய்யப்பட்டார். படைவீரராக இருந்த இளமையில், ஆமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஓர் ஏழைக்குத் தம் மேலங்கியை இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற வரலாறு. ஜெர்மனியிலும் அதன் அண்டை நாடுகளிலும் அந்த மாலையில் பிள்ளைகள் விளக்கேந்திப் பாடிச் செல்வார்கள். அதே தேதி 1918இல் முதல் உலகப் போர் ஓய்ந்த நாளுமாகையால், சில நாடுகளின் பள்ளிகளில் காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனமும் இருக்கும். ஒரே நாளில் இரண்டும் வந்தால் சிறு பிள்ளைகள் குழம்புவார்கள். காலையிலேயே ஆசிரியர் இரண்டையும் விளக்கிவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் பள்ளி மிகச் சிறியது, ஒரே அறையில் மூன்று வகுப்புகள் நடக்கின்றன. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஏறக்குறைய வாரந்தோறும் ஏதாவதொரு நிகழ்ச்சி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அதே சில தாய்மார்தான் வேலை செய்கிறோம். மறுத்தால் விசுவாசக் குறைவு என்று நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் போல இன்னும் சில வந்துள்ளன. பெரிய பள்ளியில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனிக் குழு இருக்கும். சிறிய பள்ளியிலோ அறுப்பின் பண்டிகைக்கு மேசை அலங்கரிப்பவரே நாடகத்துக்கு உடை தைக்கிறார், நிதி திரட்டும் விற்பனை மேசையிலும் அவரே நிற்கிறார். பெரிய பள்ளியின் நிகழ்ச்சிப் பட்டியலைச் சிறிய பள்ளி அப்படியே எடுத்துக்கொள்வதுதான் இச்சோர்வின் வேர் என்பது என் கருத்து. பல வகுப்புகளை ஒரே அறையில் நடத்தும் ஆசிரியருக்கும் இது தாங்காத சுமை, ஏனெனில் ஒத்திகைக்காகச் சிலரை வெளியே அழைத்தால் எஞ்சியவர்களின் பாடமும் நின்றுவிடுகிறது.

ஆகவே மறுப்பதற்கு முன், பட்டியலையே குறைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் நீங்கள் சிலர் சேர்ந்து பேசுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியைப் பற்றியும் கேட்க வேண்டியவை இரண்டு: இது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறதா, பெரும்பாலான குடும்பங்கள் செல்லும் சபையில் இதே விழா அதே வாரத்தில் நடக்கிறதா. சபையில் நடப்பதைப் பள்ளியில் மறுபடி நடத்தத் தேவையில்லை. பிள்ளைகள் அங்கே இரண்டு பாடல்கள் பாடினால் போதும். தாத்தா பாட்டிகளை அழைக்கும் நாளை அறுப்பின் ஆராதனையோடு இணைத்துவிடலாம். நிதி திரட்டும் நடைப்பயணத்தையும் விற்பனையையும் வசந்த காலத்துக்குத் தள்ளிவைப்பது இன்னும் நல்லது. நன்றி சொல்லும் வாரத்திலேயே பணமும் கேட்பது யாருக்கும் உவப்பாக இராது. கைவிடக் கூடாதது ஒன்று உண்டு, அது பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. பல வகுப்புகள் கலந்த அறையில் உங்கள் பிள்ளை தன் வகுப்புக்குரிய வேகத்தில் முன்னேறுகிறானா, அல்லது அடுத்த வகுப்பின் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டு தன்னுடையதை விட்டுவிடுகிறானா என்பதை அறிய அதைவிட நல்ல வாய்ப்பு வருவதில்லை.

மாலை நிகழ்ச்சிகளின் தேதியைக் குறிக்கும்போது கடிகார மாற்றத்தையும் பாருங்கள். ஐரோப்பாவில் அக்டோபரின் கடைசி ஞாயிறும், அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் நவம்பரின் முதல் ஞாயிறும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கப்படுகிறது. முந்தைய வாரம் வெளிச்சத்தில் நடந்த விளையாட்டு, அடுத்த வாரம் அதே நேரத்தில் இருட்டில் நடக்கும். விசுவாசக் குறைவு என்ற சொல்லை யாராவது சொன்னால், வேலை செய்யும் கைகளின் எண்ணிக்கையை அவருக்குக் காட்டுங்கள்.

கேள்வி: திருவருகைக் காலம் சில ஆண்டுகளில் நவம்பரிலும் சில ஆண்டுகளில் டிசம்பரிலும் தொடங்குவது ஏன்? வகுப்பில் வைக்கும் மெழுகுவர்த்தி வளையத்தின் வரலாறு என்ன?

பதில்: மேலைத் திருச்சபைகளில் கிறிஸ்து பிறப்புக்கு முன் நான்கு ஞாயிறுகள் இருக்க வேண்டும் என்பதே விதி, ஆகவே முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்தத் தேதியிலும் வரும். 2023இல் அது டிசம்பர் 3ஆம் தேதி வந்ததால், நான்காம் ஞாயிறு டிசம்பர் 24 அன்றே அமைந்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளில், ஞாயிறுக்கு ஒன்றாக வளையத்தில் ஏற்றும் மெழுகுவர்த்திகளில் நான்காவதற்கு முன்பே பள்ளி விடுமுறை விட்டுவிடும் என்பதை ஆசிரியர்கள் கவனத்தில் கொள்ளலாம்.

வளையத்தின் தொடக்கம் ஒரு பள்ளிச் சூழலே. ஹாம்புர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லூத்தரன் போதகர், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் வார நாட்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளையும் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவர்த்திகளையும் பொருத்தினார். கிறிஸ்து பிறப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதே காரணம் என்று சொல்லப்படுகிறது. நாளடைவில் ஞாயிறுகளின் நான்கு மட்டும் நிலைத்தன.

கேள்வி: கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்குப் பிள்ளைகள் போதவில்லை என்று பள்ளி வருந்துகிறது. நாங்கள் வேறு சமயத்தவர். எங்கள் மகளுக்கு வானதூதர் வேடம் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: முதல் வருத்தத்துக்கு இடமே இல்லை. லூக்கா 2ஆம் அதிகாரத்தையும் மத்தேயு 2ஆம் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். சத்திரக்காரர் என்று ஒருவர் அங்கே பேசுவதில்லை. ஞானிகள் மூவர் என்று எண்ணிக்கை கொடுக்கப்படவில்லை. மாடும் கழுதையும் குழந்தை கிடத்தப்பட்ட முன்னணை என்ற தீவனத் தொட்டியருகே நின்றதாக எழுதப்படவில்லை. அவ்விரண்டும் ஏசாயா முதல் அதிகாரத்தின் ஒரு வசனத்திலிருந்து மரபு எடுத்துக்கொண்டவை. 1223இல் இத்தாலியின் கிரெச்சியோவில் அசிசியின் பிரான்சிஸ் வைக்கோல் நிரம்பிய தீவனத் தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டு கிறிஸ்து பிறப்பு வழிபாட்டை நடத்தியபின், அக்காட்சி மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. ஆகவே வேடங்களைக் கூட்டவும் குறைக்கவும் தாராளமாக இடமுண்டு. மூத்தவர்கள் திருமறையை வாசிக்க, இளையவர்கள் பேசாமல் நடித்தாலே போதும்.

நாடகமே முடியாத அளவுக்குச் சிறிய பள்ளிக்கு இன்னொரு வழி, ஒன்பது திருமறைப் பாடங்களும் கீதங்களும் கொண்ட ஆராதனை. 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கி, 1918 முதல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் புகழ்பெற்ற இம்முறையில், வாசிப்பு ஒரு பாடகச் சிறுவனிடம் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து கல்லூரித் தலைவரிடம் முடிகிறது. மிக இளைய மாணவி முதல் தலைமை ஆசிரியர் வரை பள்ளி முழுவதையும் அந்த வரிசையில் நிறுத்திவிடலாம்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, ஒரு கதையில் நடிப்பது ஒரு சமயத்தைத் தழுவுவது ஆகாது என்பது என் எண்ணம். ஆனால் நாடகத்தின் நடுவே விசுவாச அறிக்கையோ கூட்டு ஜெபமோ சொல்ல வேண்டியிருக்குமா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இருந்தால், அவ்வேளையில் அவள் அமைதியாக நிற்கலாமா என்பதையும் கேளுங்கள். ஒத்திகைகள் எல்லாம் முடிந்தபின் விலகுவது குழந்தைக்கும் பள்ளிக்கும் துன்பம்.

கேள்வி: அடுத்த மடலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கிழமை, தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், பிள்ளை கொண்டுவர வேண்டியது, எந்த நாளுக்குள் பதில் தர வேண்டும், யாரிடம் கேட்பது ஆகிய விவரங்கள் மேலே வரட்டும், தியானக் கட்டுரையும் வாழ்த்துகளும் அவற்றுக்குப் பின் வரட்டும். முடியும் நேரத்தைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். வேலையிலிருந்து வந்து பிள்ளையை அழைத்துச் செல்லும் தந்தைக்கு அதுதான் முதலில் வேண்டும். தேதியோடு கிழமை பொருந்துகிறதா என்று காலண்டரை வைத்துச் சரிபாருங்கள். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் வெளியிடாதீர்கள். ஒப்புதல் இருந்தாலும் படத்தின் கீழ் முழுப் பெயரைப் போடாதீர்கள். சிறிய பள்ளியில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள் என்பது உண்மைதான், ஆனால் மடல் பள்ளிக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. உதவி செய்தவர்களுக்கு நன்றி கூறும் பகுதியில் ஒருவர் பெயர் விடுபட்டாலும் மனத்தாங்கல் வரும். அச்சுக்குப் போகுமுன் அதை மட்டும் வேறொருவரிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.