விடுப்பு முடிந்து ஆடிட்டர் ஆபீசுக்குத் திரும்பினால், இடையில் வந்த ஜிஎஸ்டி, வருமான வரிச் செய்திகளை எந்த வரிசையில் பிடிப்பது?

ஆடிட்டர் ஆபீசில் ரிட்டர்ன் வேலை பார்ப்பவர் பத்துப் பன்னிரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். வாட்ஸ்அப் குழுக்களில் நூற்றுக்கணக்கான பிடிஎஃப்கள், மெயிலில் செய்திமடல்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

அவற்றில் எதிலிருந்தும் வேண்டாம். முதல் அரை நாளைச் செய்திக்குக் கொடுக்காதீர்கள், போர்ட்டலுக்குக் கொடுங்கள். புதுச் சர்க்குலரை இரண்டு நாள் கழித்துப் படித்தால் ஒன்றும் குடி முழுகாது. நோட்டீசின் கெடு உங்கள் விடுப்பு நாட்களையும் சேர்த்துத்தான் ஓடியிருக்கும். நோட்டீசைப் போர்ட்டலில் ஏற்றுவதையே சேர்ப்பிக்கும் வழிகளில் ஒன்றாகச் சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டம் பிரிவு 169 ஏற்கிறது. எஸ்எம்எஸ் போனது கிளையன்டின் மொபைலுக்கு. அவர் அதைக் கடன் விளம்பரங்களோடு சேர்த்துத் தள்ளியிருப்பார்.

ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒவ்வொரு ஜிஎஸ்டிஐஎன்-க்கும் (கிளையன்டின் ஜிஎஸ்டி பதிவு எண்) உள்ளே போய், 'நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்', 'அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்' ஆகிய இரண்டு இடங்களையும் பாருங்கள். பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று மூடிவிடுகிறார்கள். ஸ்க்ரூட்டினி, டிமாண்ட் தொடர்பான கனமான நோட்டீஸ்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் உட்கார்ந்திருக்கும். கிடைத்ததை ஒரு எக்செல் தாளில் போடுங்கள்: கிளையன்ட், படிவம், நோட்டீஸ் தேதி, கடைசித் தேதி. பிறகு கடைசித் தேதியை வைத்து வரிசைப்படுத்துங்கள். கிளையன்ட் பெயர் வரிசையில் வைத்தால் அந்தத் தாளால் பயனில்லை.

குறுகிய கெடு உள்ளவை முதலில். ஜிஎஸ்டிஆர்-1-க்கும் (விற்பனை விவர ரிட்டர்ன்) 3பி-க்கும் (வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன்) வரித்தொகை இடிப்பதால் வரும் டிஆர்சி-01பி-க்கும், 2பி-யில் (சப்ளையர்கள் போட்ட பில்களிலிருந்து தானாக உருவாகும் பட்டியல்) உள்ளதை விடக் கூடுதலாக உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவு) எடுத்ததற்கு வரும் டிஆர்சி-01சி-க்கும் 7 நாள்தான். பணத்தைக் கட்டவோ விளக்கம் போடவோ இல்லையென்றால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 திறக்காது. கெடு தாண்டியிருந்தாலும் அந்தப் படிவத்தின் பகுதி பி-யில் பதில் போடுங்கள், போட்டால்தான் அந்தப் பூட்டு விலகும். பதிவை ரத்து செய்யக் காரணம் கேட்கும் ரெக்-17-க்கு 7 வேலை நாள். ரிட்டர்ன் போடாததுதான் காரணம் என்றால், நிலுவை ரிட்டர்ன் எல்லாவற்றையும் வரி, வட்டி, தாமதக் கட்டணத்தோடு போட்டுவிடுவதே சரியான பதில். ரத்து உத்தரவு ஏற்கெனவே வந்துவிட்டால், பதிவைத் திரும்பப் பெற ரெக்-21 விண்ணப்பம் போட 90 நாள் இருக்கிறது, பதற வேண்டாம். ரிட்டர்னில் உள்ள முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்கும் ஏஎஸ்எம்டி-10 வகை நோட்டீஸ்களுக்குப் பெரும்பாலும் 30 நாள் வரை இருக்கும், அவை நாளைக்கு. வருமான வரி போர்ட்டலில் 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' கீழே உள்ள இ-ப்ரொசீடிங்ஸ் பகுதியையும் அன்றே திறந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் இல்லாதபோது ஆபீசில் வேறு யாரோ செய்துவைத்த வேலை. பொங்கல் விடுப்பு இதற்குச் சரியான உதாரணம். ஜனவரி 11-ல் ஜிஎஸ்டிஆர்-1 போயிருக்கும், 14-ல் 2பி உருவாகியிருக்கும், நீங்கள் 18-ஆம் தேதி வந்து உட்காரும்போது 3பி-க்கு இரண்டே நாள் பாக்கி. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், நில் ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. 2025 ஜூலை மாத ரிட்டர்னிலிருந்து 3பி-யில் தானாக நிரம்பும் வரித்தொகையைக் கையால் மாற்ற முடியாது. ஆகவே, போன ஜிஎஸ்டிஆர்-1-ஐ விற்பனைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். விட்டுப்போன பில், தவறான தொகை இருந்தால் 3பி போடுவதற்கு முன் ஜிஎஸ்டிஆர்-1ஏ-வில் திருத்தலாம். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு முறைதான், அதனால் எல்லாத் திருத்தத்தையும் சேர்த்து ஒரே தடவையில் போடுங்கள். வாங்குபவரின் ஜிஎஸ்டிஐஎன்-ஐயே மாற்ற இது உதவாது.

ஐஎம்எஸ்-ஐயும் (சப்ளையர் போட்ட பில்களை ஏற்கவோ மறுக்கவோ உள்ள போர்ட்டல் பகுதி) திறந்து பாருங்கள். யாரும் கை வைக்காத பில்கள் ஏற்கப்பட்டதாகக் கணக்காகி 2பி-க்குப் போயிருக்கும். சப்ளையர் தவறாகப் போட்ட கிரெடிட் நோட்டும் அப்படியே ஏறி உங்கள் கிளையன்டின் உள்ளீட்டு வரியைக் குறைத்திருக்கும். 3பி போடும்வரை மாற்ற வழி உண்டு. ஆனால் 14-ஆம் தேதிக்குப் பிறகு எதை மாற்றினாலும் 'ரீகம்ப்யூட்' பொத்தானை அழுத்தினால்தான் 2பி மாறும். பலரும் இதை மறந்துவிட்டுப் பழைய எண்ணோடு 3பி போடுகிறார்கள்.

இனி செய்திக்கு வரலாம்.

கடைசியில் வந்ததிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். 2025-ல் வருமான வரி ரிட்டர்ன் தேதி ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குப் போனது, செப்டம்பர் 15 அன்றே இன்னொரு நாள் கூட்டி 16 ஆனது. டாக்ஸ் ஆடிட் அறிக்கை செப்டம்பர் 30-லிருந்து அக்டோபர் 31-க்கும், அங்கிருந்து நவம்பர் 10-க்கும் நகர்ந்தது. பழையதிலிருந்து படித்துவந்தால் செத்துப்போன தேதிகளைத்தான் குறித்துக்கொண்டிருப்பீர்கள். அதே ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, செப்டம்பர் மாத 3பி-யின் கடைசி நாளும் அதுதான். 18-ஆம் தேதி வந்த நோட்டிபிகேஷன் அதை 25-க்குத் தள்ளியது. அதை நம்பி ஒவ்வொரு தீபாவளிக்கும் நீட்டிப்பு வரும் என்று உட்கார்ந்திருப்பது மடத்தனம்.

எதை விட்டோம் என்று கண்டுபிடிக்கக் குழுவைத் துழாவ வேண்டாம். சிபிஐசி (மத்திய மறைமுக வரி வாரியம்) நோட்டிபிகேஷன்களுக்கு ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடர் எண் உண்டு: மத்திய வரிக்குத் தனி வரிசை, மத்திய வரி விகிதத்துக்குத் தனி வரிசை, ஒருங்கிணைந்த வரிக்கும் அப்படியே. சர்க்குலரில் 251/08/2025 என்று இருந்தால் 251 என்பது 2017-லிருந்து வரும் தொடர் எண், 08 என்பது அந்த ஆண்டின் எட்டாவது. விடுப்புக்குப் போகும் முன் கடைசியாகப் படித்த எண்களைக் குறித்துவைத்துவிட்டுப் போனால், திரும்பிவந்து சிபிஐசி தளத்தில் அதற்கு மேல் உள்ளவற்றை மட்டும் எடுத்தால் போதும். பத்து நாளில் வருவது பெரும்பாலும் விரல் விட்டு எண்ணக்கூடியதாகத்தான் இருக்கும், மற்றதெல்லாம் அதையே திரும்பத் திரும்பப் பேசும் கட்டுரைகள்.

பத்திரிகைக் குறிப்பு சட்டம் ஆகாது. 56-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் 2025 செப்டம்பர் 3-ல் கூடி விகிதங்களைக் குறைத்தது. 09/2025 விகித நோட்டிபிகேஷன் வந்தது செப்டம்பர் 17-ல், அமலானது 22-ல். செய்தி பார்த்த மறுநாளே நெய்க்கு 12-லிருந்து 5 சதவீதத்துக்கு மாற்றி பில் போட்டிருந்தால் மீதி 7 சதவீதம் கடைக்காரர் தலையில்தான். ஆகவே ஒவ்வொரு நோட்டிபிகேஷனிலும் கடைசிப் பத்தியில் உள்ள அமலாகும் தேதியை முதலில் பாருங்கள். மாற்ற நாளுக்கு இருபுறமும் சரக்கு, பில், பணம் சிதறிக் கிடந்தால் எந்த விகிதம் பொருந்தும் என்று சொல்லும் சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 14-ஐ எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தீர்மானியுங்கள், குழுவில் கேட்டால் மூன்று பதில் வரும்.

'தேதி நீட்டிப்பு' என்று படமாக வரும் ஃபார்வர்டுகளில் ஆண்டு வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வருஷத்து நீட்டிப்பு மறுபடி சுற்றுவது சகஜம். வருமான வரிச் செய்தியில் பிரிவு எண் பழக்கமில்லாததாக இருந்தால், அது 2026 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்ணாக இருக்கலாம். முந்தைய ஆண்டுகளின் கணக்குக்கு 1961 சட்டமே பேசும், எந்த ஆண்டுக்கான செய்தி என்று பிரித்துவிட்டுப் படியுங்கள்.

கிளையன்டுகளுக்குச் செய்தி அனுப்புவது இதற்கெல்லாம் பிறகு. எல்லோருக்கும் ஒரே பிடிஎஃப் அனுப்பாதீர்கள், யாரும் திறக்க மாட்டார்கள். விகிதம் மாறிய சரக்கை விற்பவருக்கு மட்டும் எச்எஸ்என் (சரக்கு வகை எண்), பழைய விகிதம், புதிய விகிதம், எந்தத் தேதி பில்லிலிருந்து என்று நான்கு வரி எழுதுங்கள். பில்லிங் சாஃப்ட்வேரில் மாற்றிவிட்டாரா என்று மறுநாள் ஒரு பில்லின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.