பெல்லட் ஸ்டவ்வும் பழைய சிம்னியும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் வடகிழக்கில் பழைய வீடு வாங்கியவர்கள் குளிர்காலம் நெருங்கும்போது கேட்கும் கேள்விகள் இவை. என் வீட்டில் பெல்லட் ஸ்டவ் ஓடுகிறது; மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருளைகளை (பெல்லட்) எரிக்கும் அடுப்பு அது. சிம்னிக்குள் குழாய் இறக்கிய அனுபவமும் உண்டு.

வீட்டில் செங்கல் சிம்னி இருக்கிறது. உள்ளே 8க்கு 12 அங்குலக் களிமண் குழாய். ஸ்டவ்வின் புகை வாயை அதற்குள் விட்டால் போதாதா அண்ணா? லைனர், அதாவது சிம்னிக்குள் இறக்கும் தனி உலோகக் குழாய், வீண் செலவுதானே?

போதாது. விறகு அடுப்பில் சூடான புகையைச் சிம்னியே மேலே இழுத்துக்கொள்ளும். பெல்லட் ஸ்டவ்வில் ஒரு சின்ன ஃபேன்தான் புகையைத் தள்ளுகிறது, அந்தப் புகையில் சூடும் குறைவு. 3 அங்குலக் குழாயை விட உங்கள் சிம்னியின் உள் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 10 மடங்கு. அதற்குள் போனதும் புகை வேகம் இழந்து ஆறிவிடும். அதிலுள்ள ஈரம் சுவரில் வியர்க்கும், சாம்பல் அதோடு ஒட்டிக்கொள்ளும். சிம்னி வெளிச்சுவரில் இருந்தால் ஜனவரியில் இன்னும் மோசம்.

அதனால் அடியிலிருந்து உச்சிவரை ஸ்டெயின்லெஸ் லைனர் இறக்குங்கள். மேலே மூடுதட்டும் தொப்பியும், கீழே டேம்பர் (சிம்னியைத் திறந்து மூடும் தகடு) இருந்த இடத்தில் தகட்டு அடைப்பும் வேண்டும். அந்த அடைப்பை விட்டுவிட்டால் அறையின் சூடு சிம்னி வழியே போய்விடும்.

லைனர் 3 அங்குலமா, 4 அங்குலமா?

ஸ்டவ்வோடு வந்த கையேடு சொல்வதுதான் முடிவு. பல கையேடுகளில் புகைக்கு ஒவ்வொரு பாகமும் தரும் தடையை அடிக்கணக்கில் இப்படி எண்ணுவார்கள்: 90 டிகிரி வளைவுக்கும் டீ (T வடிவ) இணைப்புக்கும் 5 அடி, 45 டிகிரி வளைவுக்கு 3 அடி, படுக்கைக் குழாய் ஓர் அடிக்கு ஓர் அடி, செங்குத்துக் குழாய் ஓர் அடிக்கு அரை அடி. கூட்டுத்தொகை 15ஐத் தாண்டினால் 4 அங்குலம். 25 அடிச் சிம்னிக்கு பன்னிரண்டரை, கீழே உள்ள டீக்கு 5, ஆக பதினேழரை. அப்போது 4 அங்குலம்தான்.

அதே சிம்னியில் கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகையும் போகிறது. சேர்க்கலாமா?

கூடாது. ஃபேன் தள்ளும் புகை ஹீட்டர் வழியாக வீட்டுக்குள் திரும்பும். அது உயிர் போகிற விஷயம்.

ஸ்டவ் பற்றும்போது லேசாகப் புகை வாசனை வருகிறது. பழகிவிடுமா?

பழகிக்கொள்ளாதீர்கள். குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் இணைப்பில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் புகை கசியும். அறையை இருட்டாக்கி, ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் நூல் மாதிரிப் புகை தெரியும். அணைத்து நன்றாக ஆறியபின் சூடு தாங்கும் சிலிக்கோனால் அடையுங்கள். அதே அறையிலும் படுக்கையறைப் பக்கமும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கண்டிப்பாக இருக்கட்டும்.

கரண்ட் போனால்?

ஃபேன் நின்றுவிடும். இங்கேதான் சிம்னி வழி போகும் குழாய்க்கு மதிப்பு: நேராக உயர்ந்து நிற்பதால், மிச்சப் புகை ஓரளவு தானாகவே மேலேறும். சுவரில் ஓட்டை போட்டு நேரே வெளியே விட்ட குழாயில் அந்த இழுப்பு இல்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

ஒரு டன் பெல்லட், அதாவது 40 பவுண்டு மூட்டை 50 எரிந்ததும் ஒருமுறை பாருங்கள். சீசன் முடிந்ததும் முழுக் குழாயையும் தேய்க்க வேண்டும். என் வீட்டில் முதல் குளிர்காலத்தின் நடுவில் தீ சோம்பலாக, ஆரஞ்சு நிறமாக எரிந்தது. கண்ணாடி ஒரே நாளில் கறுத்தது. ஸ்டவ்வில் கோளாறு என்று இரண்டு நாள் தேடினேன். அப்புறம் டீயின் அடிமூடியைத் திருகினேன். திருநீறு போல நைசான சாம்பல் பொலபொலவென்று கொட்டி அரை வாளி நிறைந்தது. அன்று மாலையே தீ மஞ்சளாகத் துள்ளி எரிந்தது. அந்த மூடி கைக்கு எட்டும்படி இருக்கட்டும் என்று பொருத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொட்டும் சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வையுங்கள்; உள்ளே கங்கு ஒளிந்திருக்கும்.