பாஸ்டன் பக்கத்துல ஒரே நாள்ல போய்ட்டு வர ஹைக்கிங் இடம் எது?

பாஸ்டனுக்குப் புதுசு, ஹைக்கிங் பழக்கம் இல்ல, காலைல போய் சாயங்காலம் வீடு திரும்பணும், நியூ ஹாம்ப்ஷையர் வரைக்கும் கார் ஓட்ட முடியாதுன்னு கேட்டிருக்கீங்க. யோசிக்கவே வேணாம், ப்ளூ ஹில்ஸ் போங்க. நான் பக்கத்து ஊரான குவின்சில எட்டு வருஷமா இருக்கேன், எனக்கு கொல்லைப்பக்கம் மாதிரி அது. பாஸ்டனுக்குத் தெக்கால ஊருங்களுக்கு நடுவுல 7000 ஏக்கர் காடு, 125 மைல் நடைபாதை, 1893ல பொது நிலமா வாங்கிப் போட்டதால இன்னிக்கு வரைக்கும் பிளாட் போடாம தப்பிச்சு நிக்குது. மாசசூசெட்ஸ்ங்கிற பேரே இந்தப் பெரிய மலைப் பக்கம் வாழ்ந்த பழங்குடி மக்களோட பேர்தான்.

முதல் தடவைன்னா 138ம் நம்பர் ரோட்டுல இருக்கற மியூசியத்துகிட்ட வண்டிய விட்டுட்டு சிவப்புப் புள்ளி போட்ட பாதைய புடிச்சு கிரேட் ப்ளூ ஹில் ஏறுங்க. உயரம் 635 அடிதான். மேல எலியட் டவர்ல நின்னா பாஸ்டன் கட்டடங்க, கடல், தீவுங்க எல்லாம் தெரியும். பக்கத்துலயே 1885ல ஆரம்பிச்ச வானிலை ஆய்வுக்கூடம் இருக்கு, அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் விடாம வானிலை குறிச்சிட்டு இருக்காங்க. டூர் இருக்கற நாளா பாத்து போங்க, ஏன்னா அங்க ஒரு கண்ணாடி உருண்டை இருக்கு, அதுவழியா விழற வெயில் ஒரு அட்டைய கோடு மாதிரி கருக்கிட்டே போகும், மேகம் வந்தா கோடு விட்டுப்போகும், அந்தக் கோட்ட அளந்துதான் அன்னிக்கு எத்தன மணி நேரம் வெயில் அடிச்சுதுன்னு எழுதுவாங்க. அத பாத்துட்டு எனக்கு அங்கேருந்து நகர மனசே வரல. 1938 புயல்ல மணிக்கு 186 மைல் காத்து பதிவானதும் இங்கதான்.

ரெண்டாவது தடவை ஹௌட்டன்ஸ் பாண்ட்ங்கிற குளத்துலேருந்து கிளம்பி ஸ்கைலைன் ட்ரெயில்ல டக்கர், பாய்ஸ் குன்றுங்களத் தாண்டி பக் ஹில் போங்க. வழி காட்ட மரத்துல நீலக் கோடு அடிச்ச பாதை. இங்க ஒண்ணு சொல்லிடறேன், 500 அடி கூட இல்லியேன்னு நெனச்சு செருப்போட போயிடாதீங்க. இந்தப் பாதை மலைய சுத்திச் சுத்தி ஏறாது, நேரா பாறை மேலயே ஏறும், ஏறின உடனே எறக்கி விடும், அடுத்தது ஏத்தும், முட்டி நல்லா வாங்கும். ஆனா பக் ஹில் உச்சி மொட்டைப் பாறை, நாலு பக்கமும் தெறந்து கெடக்கும், அங்க உக்காந்து சாப்பிடற சப்பாத்தி ரோலுக்கு தனி ருசி.

போன நவம்பர்ல குளிர்காலத்துக்காக கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெச்ச அன்னிக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். மதியம் ஒண்ணரைக்குதான் கிளம்பினோம், அதான் தப்பு, நாலரைக்கெல்லாம் சூரியன் எறங்கிடுது. திரும்பி வரும்போது ஓக் எலை கணுக்கால் வரைக்கும் விழுந்து பாதையே தெரியல, எலைக்கு அடியில ஓக் கொட்டைங்க கோலிக்குண்டு மாதிரி உருளுது, நீலக் கோடு எந்த மரத்துலயும் காணோம். அப்பதான் அவர் ஒரு மரத்துல ஆணி அடிச்ச சின்னப் பலகைய டார்ச் அடிச்சு பாத்து "ஏய் இங்க நம்பர் இருக்கு பாரு"ன்னாரு. பாதைங்க பிரியற எடத்துல எல்லாம் நாலு இலக்க நம்பர் வெச்சிருக்காங்க. கையில பேப்பர் மேப் இருந்துச்சு, நம்பர தேடி எடுத்தோம், தெக்கால போக வேண்டியவங்க வடக்கால போயிருக்கோம். நம்பர் நம்பரா சொல்லிட்டே அரை மணில பார்க்கிங் வந்து சேந்தோம். அதனால மேப் பேப்பர்ல எடுத்துட்டு போங்க, ஒவ்வொரு பிரிவுலயும் நம்பர பாத்துட்டே நடங்க. ரெண்டு கோடு ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடிச்சிருந்தா அங்க பாதை திரும்புதுன்னு அர்த்தம்.

அப்பறம் உண்ணி. நம்ம ஊர்ல மாட்டு மேல பாத்த உண்ணி இல்ல, மான் உண்ணியோட குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும், கடிச்சா லைம் நோய்ங்கிற பாக்டீரியா தொற்று வரலாம். பேண்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னாடி, அக்குள், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்க, குழந்தைங்களுக்கு கட்டாயம் பாருங்க. வில்வம் மாதிரி மூணு எலையா பளபளன்னு ஓரத்துல எது படர்ந்திருந்தாலும் தொடாதீங்க, பாய்சன் ஐவியா இருக்கலாம், வாரக்கணக்குல அரிக்கும். வால ஆட்டி சத்தம் போடற ரேட்டில்ஸ்னேக் பாம்பு உண்டு, நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்டா நின்னு வந்த வழியே பின்னாடி போயிடுங்க, அடிக்காதீங்க, அழிஞ்சிட்டு வர இனம் அது.

வயசானவங்க கூட வந்தா ஹௌட்டன்ஸ் பாண்ட்ட சுத்தற மஞ்சப் புள்ளிப் பாதை போதும், ஒரு மைல்தான் வரும், பெரிய ஏத்தம் எதுவும் கிடையாது. எங்க மாமியார் அங்க தெனமும் கூட்டிட்டு போடின்னு கேட்டாங்க.