தீபாவளி நேரத்து நன்கொடை வேண்டுகோள்கள்: கேள்வி பதில்

பதில் சொல்பவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, கும்பகோணம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சம்பளமில்லாமல் கணக்கு எழுதுகிறவர்.

மயிலாடுதுறை, ஆசிரியை: ஐயா, ஐப்பசி பிறந்தால் தபாலில் குழந்தை முகம் அச்சிட்ட உறைகள் வந்து குவிகின்றன. கிழித்துப் போட்ட அன்று பலகாரம் தொண்டையில் இறங்குவதில்லை. நான் கல்மனதுக்காரியா?

கல்மனதுக்காரருக்குப் பலகாரம் நன்றாகவே இறங்கும், அம்மா. அந்த உறையை நிதானமாகப் பாருங்கள். ஒரே குழந்தை, ஒரு பெயர், நேராக உங்களைப் பார்க்கும் கண்கள். பத்தாயிரம் குழந்தைகள் என்று எழுதினால் அசையாத கை, ஒரு முகத்தைக் கண்டால் அசைந்துவிடும். உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்த விஷயம் இது. கடிதம் எழுதுகிறவர்களுக்கும் தெரியும். அதற்காகக் கடிதம் பொய்யாகிவிடாது. ஆனால் உங்கள் கண் கலங்கியதை வைத்து அந்த அமைப்பின் நேர்மையை அளக்க முடியாது.

என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார். யாருக்கு என்பது பிறகு. எடுத்து வைப்பது முதலில். நான் அதைப் பணத்தில் செய்கிறேன். புரட்டாசியிலேயே, எந்தப் படமும் கண்முன் இல்லாதபோது, தொகையை ஒதுக்கிவிடுவேன். பிறகு எந்த உறை வந்தாலும் ஒதுக்கியதில் இவர்களுக்குப் பங்கு உண்டா என்று மட்டும் பார்ப்பேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர்க்காரர்கள்தானே நாம்?

தஞ்சாவூர், கல்லூரி மாணவர்: பஸ்ஸில் மடியில் அட்டையை வைத்துவிட்டுப் போகிறார்களே, என்ன செய்வது?

விருப்பமிருந்தால் பத்து ரூபாய் கொடுங்கள், தம்பி. இல்லையென்றால் முகத்தைப் பார்த்து அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். பாபநாசம் வரும்வரை தூங்குவதுபோல நடித்தவன் நான். அது பத்து ரூபாயைவிடச் சிரமம்.

திருவாரூர், கடைக்காரர்: குழந்தைக்கு அறுவை சிகிச்சை என்று உறவினர் குழுவில் வாட்ஸப் செய்தி வந்தது. அனுப்பலாமா?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, இப்படி வந்த ஒரு படத்தைப் பார்த்து 3,000 ரூபாய் அனுப்பினேன். மறுநாள் மகள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். சாய்ந்த தென்னைக்குப் பின்னால் ஒரு கடைப் பலகை. அதில் ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை. அதிலிருந்து, முதலில் அனுப்பியவரையே கேட்கிறேன்: குழந்தையை உங்களுக்கு நேரில் தெரியுமா? பெரும்பாலும் 'வந்தது, அனுப்பினேன்' என்பார்கள்.

தெரியும் என்றால் மருத்துவமனைக்கே போன் செய்து கேளுங்கள், பணத்தையும் அங்கேயே கட்டுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பமானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி உண்டு. அந்தக் காப்பீட்டு அட்டை வாங்க உதவுவதும் தர்மம்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். நான் வெட்கப்பட்டு நாளைக் கடத்தினேன்.

நீடாமங்கலம், விவசாயி: குறுவை நெல் போட்ட பணம் ஏறிய வாரமே போனில் ஒரு பெண் அழுகிறார். 'நாளைக்குள் அனுப்பாவிட்டால் குழந்தைகளுக்குத் தீபாவளி இல்லை' என்கிறார்.

நாளைக்குள் என்றாலே எனக்குச் சந்தேகம். 'போனில் பணம் தருவது எங்கள் வீட்டு வழக்கமில்லை, கணக்கறிக்கையைத் தபாலில் அனுப்புங்கள்' என்று சொல்லி வைத்துவிடுங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் பதில் இருக்கும்.

வரிக்கழிவு கிடைக்கும் என்று ஆசை காட்டினால்: 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு பழைய வரிமுறைக்காரர்களுக்குத்தான். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. துணி, அரிசிக்கும் கிடையாது.

கும்பகோணம், இல்லத்தரசி: தீபாவளியன்று முதியோர் இல்லத்துக்கு இனிப்பு கொண்டு போகலாமா?

எங்கள் இல்லத்தில் அன்று லட்டுப் பெட்டி வைக்க மேஜையில் இடமிருக்காது. இருப்பவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை. படம் பிடிக்க வரிசையாக உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டி மத்தியானமே படுத்துவிட்டார். நீங்கள் கார்த்திகைக் கடைசியில் வாருங்கள், அம்மா. அப்போது யாரும் வருவதில்லை. குளிருக்கு இரண்டு போர்வையும் மூட்டு வலித் தைலமும் எடுத்து வாருங்கள்; பேசிக்கொண்டிருக்க ஒரு மணி நேரமும்.