வருடம் முழுக்க வரும் சில்லறைக் கட்டட வேலைகளுக்கு ஒரே மேஸ்திரியிடம் ஒப்பந்தம் போடலாமா? என்னென்ன எழுத வேண்டும்?

கேள்வி கேட்டவருக்குத் திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி, அதை ஒட்டி 14 லைன் வீடு. பூச்சு பெயர்வது, பாத்ரூம் டைல்ஸ் கழன்று விழுவது, சிமெண்ட் ஷீட் உடைவது என்று வாரம் ஒரு வேலை வருகிறதாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி அலுத்துவிட்டது, ஒருவரிடமே வருடத்துக்கு ரேட் பேசி எழுதிக்கொள்ளலாமா என்கிறார்.

தாராளமாகப் போடலாம். பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினோரு வருடம் சிவில் பராமரிப்பு பார்த்தேன். இப்போது எட்டு லைன் வீட்டுக்கு நானே ஓனர், நானே சூப்பர்வைசர். இந்த மாதிரி ஒப்பந்தத்தில் எல்லோரும் சதுரடி ரேட்டில்தான் மல்லுக்கட்டுவார்கள். ஆனால் பின்னால் சண்டை வருவது அளவிலும், ஆள் வந்து போகிற செலவிலும்தான்.

நான் முதல் வருடம் போட்ட ஒப்பந்தம் ஒரே பக்கம். உள்பூச்சு பொருளோடு சதுரடி 45 ரூபாய். மற்றவர்கள் 52 கேட்டார்கள், நான் 45-க்கு முடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. முதல் வேலை கேன்டீன் சுவர், 600 சதுரடி. ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அடுத்த மாதம் கார்டிங் டிபார்ட்மெண்டில் ஒன்பது இடத்தில் பூச்சு விட்டுப்போயிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலம்தான், ஏறக்குறைய இரண்டு சதுரடி. மேஸ்திரி வந்து பார்த்தார். கையால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். "சரிங்க சார், நாளைக்கு வர்றனுங்க" என்றார். அப்புறம் பதினெட்டு நாள் போனை எடுக்கவில்லை.

கோபமாக இருந்தது. ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்பது இடம், 18 சதுரடி, 810 ரூபாய். அன்றைக்குக் கொத்தனார் கூலி 900, சித்தாள் 600. பழைய பூச்சைக் கொத்தி எடுக்கணும், சுவரை நனைக்கணும், சிமெண்ட் பால் அடிக்கணும், பூசணும். ஒரு முழு நாள் வேலை. அதற்குப் பிறகு தண்ணீர் விட ஒரு வாரம் யாராவது வந்துபோக வேண்டும். சிமெண்டும் மணலும் தனி. நான் எழுதி வைத்த ரேட்டில் அவர் வந்திருந்தால் கையிலிருந்து காசு போட்டிருப்பார். ஆள் ஏமாற்றுக்காரர் இல்லை, நான் எழுதிய தாள்தான் ஏமாற்று.

அதனால் உங்கள் ஒப்பந்தத்தில் முதலில் எழுத வேண்டியது குறைந்தபட்சத் தொகை. நான் இப்போது எழுதுவது இப்படி: கூப்பிட்டு ஆள் வந்தால், வேலை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு கொத்தனார், ஒரு சித்தாளின் அரை நாள் கூலி உண்டு. அளந்து வரும் தொகை அதைவிட அதிகமானால் அளவுத் தொகை மட்டும், இரண்டும் சேராது. கூடவே ரேட்டையும் மூன்று படியாகப் பிரித்துவிடுங்கள். 25 சதுரடி வரை ஒன்று, 25 முதல் 100 வரை ஒன்று, 100-க்கு மேல் ஒன்று. ஒட்டுப் பூச்சின் ரேட்டும் முழுச் சுவரின் ரேட்டும் ஒன்றாக இருந்தால் யாரோ ஒருத்தர் நஷ்டப்படுகிறார் என்று அர்த்தம்.

இப்படி எழுதினால் உங்களுக்குச் செலவு கூடுமே என்று தோன்றும். கூடாமல் இருக்க வழி இருக்கிறது. அவசரமில்லாத வேலைகளைச் சீட்டு எழுதிச் சேர்த்து வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு புதன்கிழமை என்று நாள் குறித்து, எல்லாவற்றையும் அன்று ஒரே ஆள் முடிக்கட்டும். சனிக்கிழமை வேண்டாம். அது சம்பள நாள், மத்தியானத்துக்கு மேல் யாருக்கும் வேலையில் மனசு இருக்காது.

அடுத்தது அளவு. இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 20 அடி நீளம், 10 அடி உயரம் ஒரு சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. மொத்தம் 400 சதுரடி. நடுவில் மூன்றரைக்கு ஏழு அடியில் ஒரு கதவு, அதாவது இருபத்துநாலரை சதுரடி. அதைக் கழிப்பதா, வேண்டாமா? "நிலை ஓரமெல்லாம் பூசியிருக்கமுங்க, கழிக்கப்படாது" என்பார் மேஸ்திரி. இரண்டு பக்கமும் சேர்த்து 49-ஐக் கழி என்பார் கணக்குப்பிள்ளை. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதற்கு நாம் மூளையைக் கசக்க வேண்டாம். ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலை அளவுமுறையை எழுதி வைத்திருக்கிறது. இரண்டு முகமும் ஒரே பூச்சாக இருந்தால், அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. அரை முதல் 3 சதுர மீட்டர் வரை, நம் கணக்கில் சுமார் 5 முதல் 32 சதுரடி வரை, ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு. சுவர்க் கனத்தில் பூசியதற்குத் தனி அளவு கிடையாது. 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் இரண்டு முகமும் கழியும், சுவர்க் கனப் பூச்சு தனியாகச் சேரும். ஆக நம் சுவர் 375.5 சதுரடி. "அளவு ஐ.எஸ். 1200 முறைப்படி" என்று ஒரு வரி எழுதி, இந்தக் கதவு உதாரணத்தையும் கீழேயே எழுதிவிடுங்கள். தரநிலையின் எண்ணை யாரும் படிக்க மாட்டார்கள், கதவுக் கணக்கு எல்லோருக்கும் புரியும்.

அந்த ரேட்டுக்குள் எது அடக்கம் என்பதையும் விட்டுவிடாதீர்கள். சாரம் கட்டுவது, பழையதைக் கொத்தி எடுப்பது, இடித்த மண்ணை அள்ளிக் கேட்டுக்கு வெளியே போடுவதா இல்லை வண்டி வைத்துக் கொண்டுபோய்க் கொட்டுவதா, தண்ணீர் விடுவது யார் என்பதெல்லாம் வரவேண்டும். பத்தடி உயரத்துக்கு மேல் போனால் எவ்வளவு கூடுதல் என்பதும் வேண்டும். லைன் வீட்டில் இன்னொன்று: குடியிருப்பவர்கள் சாமான் செட்டை நகர்த்தித் தருவது யார் பொறுப்பு? எங்கள் வீட்டில் ஒரு அம்மிணி, பீரோவை நகர்த்தியதில் கண்ணாடி போய்விட்டது என்று மூன்று மாத வாடகையில் கழித்துக்கொண்டார். அதிலிருந்து எழுதுகிறேன்.

வேலை தொடங்கும் முன் சீட்டு, முடிந்ததும் அளவுப் புத்தகம். பொதுப்பணித்துறையில் எம் புக் என்பார்கள். நீங்கள் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினால் போதும். தேதி, இடம், நீளம், அகலம், எண்ணிக்கை, இரண்டு கையெழுத்து. மண்ணுக்குள்ளோ சுவருக்குள்ளோ மறையப்போகிற வேலையை, பைப் புதைப்பது, ஓதத்துக்குக் கெமிக்கல் அடிப்பது போன்றவற்றை, மூடும் முன்பே அளந்து, டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "போட்டோ இல்லையென்றால் அளவு இல்லை" என்று எழுதிய பிறகு ஒருமுறைகூட எனக்கு வாக்குவாதம் வரவில்லை.

பொருள் யார் வாங்குவது என்பதில் என் கருத்து கொஞ்சம் மாறுபடும். பெரிய வேலைக்கு லேபர் காண்ட்ராக்ட், அதாவது பொருள் நம்முடையது, கூலி மட்டும் பேசுவது, நல்லது. சில்லறை வேலைக்குப் பொருளோடு விடுவதுதான் நிம்மதி. அரை மூட்டை சிமெண்ட் வேண்டும் என்பதற்காக உங்கள் ஆள் வண்டி எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்கு ஓட முடியாது. ஸ்டாக் வைத்தால் மூன்று மாதத்தில் சிமெண்ட் கட்டி பிடிக்க ஆரம்பித்துவிடும். டைல்ஸ், குழாய், சானிட்டரி சாமான் மட்டும் நம் செலவு. கம்பெனியும் மாடலும் நாம் சொல்வது. சிமெண்ட், எம் சாண்ட் விலை ஒப்பந்த நாளின் விலையிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ ரேட்டைத் திரும்பப் பேசலாம் என்று போடுங்கள். இறங்கினாலோ என்ற சொல்லை மேஸ்திரி கவனிக்க மாட்டார், நீங்கள் போடுங்கள்.

பிடித்தம் வைப்பது பற்றி. வழக்கமாக 5 சதவீதம் பிடித்து ஆறு மாதம் கழித்துக் கொடுப்பார்கள். பூச்சு, டைல்ஸுக்கு அது சரி. ஒழுகல் வேலைக்கு நம் ஊரில் ஆறு மாதக் கணக்கு உதவாது. தை மாதம் மொட்டை மாடியில் தட்டோடு பதித்து ஓட்டை அடைத்தால், ஆறு மாதம் முடிவது ஆனி, ஆடியில். அப்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காத்துத்தான் அடிக்கும், திருப்பூர், பல்லடம் பக்கம் மழை சாரலோடு சரி. உண்மையான பரீட்சை ஐப்பசி, கார்த்திகையில். அதனால் ஒழுகல் வேலைக்கு மாதக் கணக்கை விட்டுவிட்டு, "அடுத்த வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழியில் பாக்கி" என்று எழுதுகிறோம். மேஸ்திரிகள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள்: வேறு ஆள் வந்து மாடியில் டிஷ் ஆண்டெனாவுக்கு ஓட்டை போட்டால் மேஸ்திரியின் பொறுப்பு முடிந்தது.

அந்த ஆடிக் காத்தில்தான் ஷீட்டும் போகும். ஷீட் வேலையைத் தனிப் பத்தியாக எழுதுங்கள், மற்றதோடு கலக்காதீர்கள். பழைய சிமெண்ட் ஷீட் மேல் நேராகக் கால் வைத்து ஏறக்கூடாது. ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் (கொக்கி போல்ட்) வரிசையில், ஷீட்டைத் தாங்கும் சட்டமான பர்லின் மேல் குறுக்கே பலகையோ ஏணியோ போட்டு, கயிறு கட்டித்தான் ஏற வேண்டும். மழை நின்ற அன்றைக்கே ஏறக்கூடாது. மில்லில் ஒரு பையன் தொடை வரை உள்ளே போய்த் தொங்கினான். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பர்லினைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தான். காலில் பதினோரு தையல். அவன் பெயரே எங்கள் சீட்டில் இல்லை. மேஸ்திரி அன்று காலையில் பஸ் ஸ்டாண்டில் கூட்டி வந்த ஆள்.

காண்ட்ராக்டர் ஆளுக்கு அடிபட்டால் வேலை கொடுத்த கம்பெனியையும் இழப்பீடு கேட்க இடமுண்டு என்பது 1923-ம் வருட இழப்பீட்டுச் சட்டக் காலத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு. கொடுத்ததைக் காண்ட்ராக்டரிடம் திரும்ப வாங்கலாம் என்றும் இருக்கிறது, ஆனால் மேஸ்திரியிடம் வாங்க என்ன இருக்கும்? ஆகவே அவர் பெயரில் தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி, பிரீமியத்தை நீங்கள் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு வரும் ஆட்களின் பெயரும் ஆதார் நகலும் முதல் நாளே கேட்டில் இருக்கட்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பதியாதவர்களைப் பதியச் சொல்வது அவர்கள் குடும்பத்துக்கும் நல்லது.

வரி. பில் எல்லாம் எட்டாயிரம், பத்தாயிரம்தானே, டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) எதற்கு என்று விட்டுவிடுவார்கள். ஒரே பில் 30,000 தாண்டினாலும் பிடிக்க வேண்டும், ஒரே ஆளுக்கு வருடத்தில் மொத்தம் 1,00,000 தாண்டினாலும் பிடிக்க வேண்டும். தனிநபர் மேஸ்திரிக்கு 1 சதவீதம், பார்ட்னர்ஷிப் ஃபர்ம் என்றால் 2. பான் கார்டு தராவிட்டால் 20. வருட ஒப்பந்தம் என்றாலே லட்சம் தாண்டும், எனவே முதல் பில்லிலிருந்தே பிடித்துவிடுங்கள். பிப்ரவரியில் மொத்தமாகப் பிடித்தால் மேஸ்திரி முகத்தைப் பார்க்க முடியாது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் வரி போட்டு பில் தர முடியாது. பதிவு இருந்தால் 18 சதவீதம் சேரும், ரேட் அதைச் சேர்த்தா சேர்க்காமலா என்று எழுதியிருக்க வேண்டும்.

தாமதத்துக்கு அபராதம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் பயன் குறைவு. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-ம் பிரிவுப்படி, எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நாளைக்கு 500 ரூபாய் வாங்க யார் கோர்ட்டுக்குப் போவது? செப்டிக் டேங்க் பொங்குவது, பைப் வெடிப்பது இரண்டுக்கும் அன்றைக்கே வர வேண்டும், மற்றதுக்கு ஏழு நாள், வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. இது போதும். தீபாவளி, பொங்கல், ஊர் மாரியம்மன் நோம்பி நாட்களை விலக்கிவிடுங்கள். நோம்பி சாட்டிவிட்டால் நீங்கள் எதை எழுதியிருந்தாலும் ஆள் வராது.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஒரு வேலை 50,000 ரூபாய்க்கு மேல் போனால் அது இந்த ஒப்பந்தத்தில் வராது, தனிக் கொட்டேஷன். இல்லாவிட்டால் புதுசாகக் கக்கூஸ் கட்டுவதையும் ரிப்பேர் ரேட்டில் கொண்டுவந்து நுழைப்பார்கள். அதேபோல், இவ்வளவு வேலை கட்டாயம் தருவோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் போன வருட பில்களை எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்துவிடுங்கள். என்ன வேலை, எத்தனை முறை, எவ்வளவு என்று அவரே பார்த்து ரேட் சொல்வார். நான் அப்படிக் கொடுத்தபோது எங்கள் மேஸ்திரி அரை மணி நேரம் புரட்டிவிட்டு, "பாத்ரூம் டைல்ஸ் வருசத்துக்கு இருபத்தாறு தடவையா சார்? அது டைல்ஸ் தப்பில்லீங்க, கீழ தண்ணி வாட்டம் தப்பு" என்றார். நான்கு பாத்ரூமின் தரையை மட்டும் உடைத்து வாட்டம் சரிசெய்தோம். அடுத்த வருடம் அந்த இருபத்தாறு ஏழாகக் குறைந்தது.