எம்.சி.பி.யின் எண்ணைக் கூட்டினால் போர்வெல் மோட்டார் பிழைக்காது

கேள்வி: எங்கள் தோட்டத்துப் போர்வெல்லில் 7.5 எச்.பி. மும்முனை சப்மெர்சிபிள் மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருடன் ஓடுகிறது. மோட்டார் பிளேட்டில் 14.5 ஆம்பியர் என்று இருக்கிறது. மீட்டரை அடுத்து 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை அறுக்கும் சுவிட்ச்) போட்டிருக்கிறோம், ஸ்டார்ட்டரில் இரண்டாவது ‘டக்’ சத்தம் கேட்கும்போது அது பல நாள் விழுந்துவிடுகிறது. 63 ஆம்பியர் போட்டால் தொல்லை தீரும் என்கிறார் மெக்கானிக். ஒன்றரை ஆண்டில் இரண்டு முறை காயில் எரிந்துவிட்டது. எதைப் போடுவது? பழைய பியூஸ் கட்டையே நல்லதா?

பதில்: 63 ஆம்பியர் எம்.சி.பி.யை வாங்க வேண்டாம். வாங்கி மாட்டிவிட்டிருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

முதலில் இப்போதுள்ள எம்.சி.பி.யின் முகப்பைப் பாருங்கள். 20 என்ற எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். உங்களுடையதில் அது ‘பி’யாக இருக்கும் என்பது என் ஊகம். ‘பி’ வகை, தன் எண்ணைப் போல் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டம் வந்ததும் கண நேரத்தில் விழும். அதாவது 60 முதல் 100 ஆம்பியருக்குள். ஸ்டார்ட்டர் ஸ்டாரிலிருந்து (குறைந்த மின்னோட்டத்தில் மோட்டாரைக் கிளப்பும் இணைப்பு) டெல்டாவுக்கு (முழு மின்னழுத்தத்தில் ஓட்டும் இணைப்பு) மாறும் அந்த ‘டக்’ நொடியில் உங்கள் மோட்டார் 80, 90 ஆம்பியரை ஒரு கணம் இழுப்பது இயல்பு. அதனால்தான் ஒருநாள் விழுகிறது, ஒருநாள் நிற்கிறது. வீட்டு விளக்குகளுக்குப் பொருந்துகிற சாமானைக் கடைக்காரர் மோட்டாருக்குக் கொடுத்துவிட்டார். மாற்ற வேண்டியது முதலில் எழுத்தை, பிறகுதான் எண்ணை. ‘சி’ வகையில் 25 ஆம்பியர், மூன்று முனையும் ஒரே நெம்புகோலில் விழும் எம்.சி.பி. ஒன்று போதும். அது 125 ஆம்பியருக்குக் கீழே அவசரப்படாது. 250 ஆம்பியரைத் தாண்டினால் நிச்சயமாக உடனே விழும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பில்லும் இல்லாத எம்.சி.பி.யை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

63 ஆம்பியர் ஏன் ஆபத்து? ‘சி’ வகை 63 உடனே விழுவதற்கு 315 முதல் 630 ஆம்பியர் வரை ஓட வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து பல கம்பங்கள் தாண்டி லைன் இழுத்த தோட்டங்களில், கேபிள் நேரடியாக ஷார்ட் ஆனால்கூடச் சில நூறு ஆம்பியருக்கு மேல் வருவதில்லை. லைனின் நீளமே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடுகிறது. அப்போது எம்.சி.பி. யோசித்துக்கொண்டு நிற்கும், கேபிள் எரியும்.

அடுத்து, பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். எம்.சி.பி.யோ பியூஸோ மோட்டாரைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்படுவதல்ல. ஷார்ட் ஆனால் லைனைத் துண்டிப்பதும் கேபிளைக் காப்பதும்தான் அவற்றின் வேலை. 25 ஆம்பியர் எம்.சி.பி. 28 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம்வரை விழக் கூடாது என்பதுதான் அதற்கான தரவிதி. 14.5 ஆம்பியர் மோட்டார் 28 ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் காயில் மிஞ்சாது. மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலே, அதாவது குமிழில் வைத்த ஆம்பியரைத் தாண்டி ஓடினால் மோட்டாரை நிறுத்தும் சாதனம். உங்கள் காயில் இரண்டு முறை எரிந்ததற்கான காரணத்தை அங்கேதான் தேட வேண்டும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டுப் போகிறவர்களை நான் வருடக்கணக்கில் பார்த்துவருகிறேன். ரிலேயின் குமிழைப் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்குத் திருப்ப வேண்டும் என்பது பொது விதி. ஸ்டார்-டெல்டாவில் அது பெரும்பாலும் பொருந்தாது. கிணற்றுக்குள் ஒன்றுக்கு இரண்டாகத் தட்டைக் கேபிள்கள் இறங்குகின்றன அல்லவா? வெளியே இருந்து வரும் 14.5 ஆம்பியர், டெல்டாவில் அந்த இரண்டுக்கும் பிரிந்துதான் போகிறது. ஒவ்வொரு கம்பியிலும் 58 சதவீதம், அதாவது 8.4 ஆம்பியர்தான் ஓடும். பெரும்பாலான ஸ்டார்ட்டர்களில் ரிலே இந்தப் பிரிந்த பாதையில் இருப்பதால், குமிழ் 8.4-இல் நிற்க வேண்டும். அதை 14.5-இல் வைத்தால், லைனில் 25 ஆம்பியர் வரும்வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே ரிலே எண்ணிக்கொண்டிருக்கும். சில ஸ்டார்ட்டர்களில் மட்டும் ரிலே பிரிவதற்கு முன்பே, லைனிலேயே இருக்கும்; அங்கே 14.5தான் சரி. உங்களுடையது எது என்று ஊகிக்க வேண்டாம். மோட்டார் டெல்டாவில் ஓடும்போது, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு கிளாம்ப் மீட்டரை முதலில் எம்.சி.பி.க்கு வரும் ஒரு கம்பியிலும், பிறகு ரிலேயிலிருந்து வெளியேறும் ஒரு கம்பியிலும் மாட்டிப் பாருங்கள். முதலில் 14, பிறகு 8 என்று காட்டினால் குமிழ் 8.4-இல் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் காட்டினால் 14.5-இல்.

காயில் கட்டியவர் மோட்டாரைப் பிரித்தபோது நீங்கள் அருகில் இருந்தீர்களா? மூன்று தொகுதிச் சுற்றுகளில் ஒன்று மட்டும் உருகிக் கருகி, மற்ற இரண்டும் புதிதுபோல இருந்திருந்தால், மூன்று பேஸ்களில் (முனைகளில்) ஒன்று போன நிலையில் டெல்டாவில் ஓடியிருக்கிறது என்று பொருள். அப்போது எஞ்சிய இரண்டு லைன்களில் 25 ஆம்பியரும், அந்த ஒரு சுற்றில் மட்டும் ஏறத்தாழ 16.7 ஆம்பியரும் ஓடும். வழக்கத்தைப் போல் இரு மடங்கு. 8.4-இல் வைத்த ரிலே ஓரிரு நிமிடங்களில் அறுத்துவிடும். 14.5-இல் வைத்த ரிலே அதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடலாம்.

ஒரு பேஸ் போவது நம் கிராமங்களில் அபூர்வமா என்ன? டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் போனால், புகார் சொல்லி, ஆள் வந்து, கைக்குக் கிடைத்த கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டுப் போகும்வரை ஊரில் எத்தனை மோட்டார்கள் வெந்தாலும் கேட்பாரில்லை. எரிந்த காயிலுக்கான செலவு விவசாயியின் தலையில்தான் விழுகிறது. ஆகையால் ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் கட்டாயம் வேண்டும். அது மாட்டப்பட்டிருக்கிறது என்பது மட்டும் போதாது. சென்ற கோடையில் ஒரு தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். பிரிவென்டர் அதன் இடத்தில் பளபளவென்று இருந்தது, அதிலிருந்து வந்த இரண்டு மெல்லிய கம்பிகளை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். “அடிக்கடி மோட்டாரை நிறுத்துகிறது” என்று யாரோ அதைச் செத்த பொருளாக்கிவிட்டுப் போயிருந்தார். பெரிய எம்.சி.பி.யைப் பரிந்துரைப்பவரும், பிரிவென்டரை நேரடியாக்குபவரும், கெப்பாசிட்டர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டித் தருபவரும், பிறகு மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்டும் கடைக்கு வண்டி ஏற்றிவிடுபவரும் பல ஊர்களில் ஒரே ஆளாக இருக்கிறார். கடையில் அவருக்குக் கமிஷன் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

பியூஸ் கட்டையைப் பற்றி: முறையான எச்.ஆர்.சி. பியூஸ் (பெரிய ஷார்ட்டையும் தாங்கி அறுக்கும் மூடிய பியூஸ்) ஷார்ட்டை அறுப்பதில் எம்.சி.பி.யைவிட வலிமையானது. ஆனால் மூன்றில் ஒன்று மட்டும் போனால், நாம் பயப்படும் அதே இரண்டு பேஸ் நிலையை அதுவே உண்டாக்கிவிடும். மூன்றையும் ஒன்றாக அறுக்கும் எம்.சி.பி. உங்களுக்கு ஏற்றது. கட்டையில் வெறும் செம்புக் கம்பியைச் சுற்றுவதோ எந்தக் கணக்கிலும் சேராது. 1 மில்லிமீட்டர் கம்பி உருகவே ஏறத்தாழ 80 ஆம்பியர் வேண்டும், இரட்டையாக முறுக்கினால் சொல்லவே வேண்டாம். மீட்டருக்கு முன்னால் உள்ள கட்டைகள் வாரியத்தைச் சேர்ந்தவை, அவற்றைத் தொடாதீர்கள். மீட்டருக்குப் பின்னால் உள்ள பழைய கட்டைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலேயே புதிய எம்.சி.பி.யைப் பொருத்தச் சொல்லுங்கள்.